பொதிகை உச்சியில் காந்த ஊசி: ஜான் ஆலன் புரூன்

ஜான் ஆலன் புரூன் (1817–1879) ஸ்காட்லாந்தில் பிறந்த இயற்பியலாளர். புவிக்காந்தம், வானிலை ஆகிய இரு துறைகளில் ஆராய்ச்சி செய்தவர். 1852 முதல் 1865 வரை திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக இருந்தார். 1855 ஆம் ஆண்டில், தமிழர்கள் பொதிகை என்று போற்றும் அகத்திய மலையின் உச்சியில் ஒரு காந்த, வானிலை ஆய்வுக்கூடத்தை நிறுவினார். லண்டன் ராயல் சொசைட்டி 1878 இல் இவருக்கு ராயல் பதக்கம் வழங்கியது.

மலையேற்ற வரலாற்று நூல்களில் புரூனின் பெயர் அநேகமாக இடம்பெறுவதில்லை. மலையில் ஏறி இறங்குவதோடு அவர் நோக்கம் முடியவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். உச்சியிலேயே கருவிகளை நிறுத்தி, மணிதோறும் அளவுகளைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அந்தக் குறிப்புகளை எடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு உதவியாளர்கள்.

மலையேறிய அறிஞர்கள்

மலையேறுவது ஒரு விளையாட்டாக மாறியது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்கு முன் உயர்ந்த சிகரங்களுக்குச் சென்ற ஐரோப்பியர்களில் பலர் அறிவியல் ஆர்வம் கொண்ட செல்வந்தர்கள். ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் து சோசூர் இவர்களில் முன்னோடி. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் 1760 இல் அறிவித்தார். 1786 இல் பால்மா, பக்கார்டு என்ற இருவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். அடுத்த ஆண்டு சோசூரே ஏறினார். உச்சியில் பல மணி நேரம் தங்கிக் காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்தார்.

ஆனால் சில மணி நேர அளவீடு போதாது என்பதைச் சோசூர் உணர்ந்தார். காலையில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் இருக்கும் காற்றின் இயல்பை ஒருமுறை ஏறி இறங்குவதால் அறிய முடியாது. எனவே 1788 இல் அவர் தம் மகனுடன் ஆல்ப்ஸின் உயர்ந்த கணவாய் ஒன்றில் இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கூடாரமடித்துத் தங்கி அளவுகளை எடுத்தார். மலைமீது தங்கி ஆராய்வது என்ற முறைக்கு அது நல்ல தொடக்கம்.

இந்த வழியில் வந்த இன்னொருவர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், 1842 இல் ஆல்ப்ஸ் பனியாறுகள் எவ்வாறு நகர்கின்றன என்பதை நேரில் அளந்து ஆராய்ந்தவர். புரூன் அவருடைய மாணவர்.

பிறப்பும் கல்வியும்

புரூன் 1817 செப்டம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை, கடற்படையில் சேர விரும்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். புரூன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது ஃபோர்ப்ஸின் நட்பும் வழிகாட்டலும் கிடைத்தன.

1842 இல் ஃபோர்ப்ஸின் பரிந்துரையால் மேக்கர்ஸ்டன் என்ற ஊரில் இருந்த காந்த ஆய்வகத்துக்குப் புரூன் இயக்குநரானார். அது அரசாங்க நிறுவனம் அன்று. சர் தாமஸ் பிரிஸ்பேன் என்ற செல்வந்தர் தம் சொந்தப் பணத்தில் தம் நிலத்தில் அமைத்தது. பிரிஸ்பேன் முன்னாள் படைத் தளபதி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்கு ஆளுநராகவும் இருந்தவர். அந்நாட்டின் பிரிஸ்பேன் நகரம் அவர் பெயரைத் தாங்கியது. அக்காலத்தில் அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசின் நிதியுதவி அரிது. ஓய்வும் பணமும் உள்ள கனவான்கள் தாமே ஆராய்வார்கள், அல்லது ஆராய்பவர்களை ஆதரிப்பார்கள். புரூன் செல்வந்தர் அல்லர். அத்தகைய புரவலர்களை நம்பியே அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தது. மேக்கர்ஸ்டனில் 1849 வரை பணியாற்றினார்.

காந்த ஊசி அசைவது ஏன் என்ற கேள்வி

புரூன் எதை அளந்தார் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனையைக் கருதலாம். ஒரு சட்டகாந்தத்தை முறுக்கில்லாத பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது வடக்கு தெற்காக நிற்கும் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். உண்மையில் அது மிகச் சரியான வடக்கைக் காட்டுவதில்லை. புவியியல் வடக்குக்கும் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் இடையே உள்ள கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். அந்தக் கோணமும் நிலையானதன்று. ஊசி ஒவ்வொரு நாளும் கிழக்கும் மேற்குமாகச் சிறிதளவு அசைந்து மீண்டும் பழைய இடத்துக்கு வருகிறது. லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரக் கலைஞர் 1722 இல் இதைக் கண்டறிந்தார்.

இந்த அசைவு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் சில பங்குகளே. காந்தத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி, அதில் தெரியும் அளவுகோலின் பிம்பத்தைத் தொலைவிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தால்தான் அளக்க முடியும். ஜெர்மனியில் காஸ் என்ற கணித மேதை இம்முறையைச் செம்மைப்படுத்தினார்.

ஊசியை அசைப்பது எது? பூமிக்குள் இருக்கும் ஏதேனும் ஒன்றா, காற்று மண்டலமா, சூரியனா? இதற்கு விடை காண உலகின் பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று காஸும் ஹம்போல்ட்டும் வலியுறுத்தினர். பிரிட்டன் 1839 முதல் தன் ஆட்சிப் பகுதிகளில் காந்த ஆய்வகங்களை ஏற்படுத்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவை அமைந்தன.

சென்னையின் முன்னுதாரணம்

தென்னிந்தியாவில் இத்தகைய பணிக்குச் சென்னை ஏற்கெனவே பழகியிருந்தது. கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி, 1786 இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்திருந்தார். அவருடைய கருவிகளை அடிப்படையாகக் கொண்டே 1792 இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. இன்று கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகமே அந்த இடம். அங்கே கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் உள்ளது. அதில் தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது.

தென்னிந்தியா முழுவதையும் அளக்கும் பணியும் சென்னையிலிருந்தே தொடங்கியது. 1802 இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்தார். அவருடைய குழுவினர் பின்னர் கருவிகளைச் சுமந்துகொண்டு தெற்கே குன்று குன்றாக ஏறினர். ஆகவே மலையுச்சிக்குக் கருவியைக் கொண்டுபோவது இப்பகுதிக்குப் புதிதன்று. அளந்து முடித்தபின் இறங்கிவிடாமல், அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்துவதுதான் கடினமான வேலை.

திருவனந்தபுரத்தில்

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இசை வல்லுநராகப் புகழ் பெற்றவர். வானியலிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்ற வானியல் ஆர்வலரின் முயற்சியால், திருவனந்தபுரத்தின் ஒரு குன்றின்மேல் 1837 இல் மன்னரின் வானாய்வகம் உருவானது. கட்டடத்தை வடிவமைத்தவர் மெட்ராஸ் படையைச் சேர்ந்த பொறியாளர் ஹார்ஸ்லி.

அந்த இடத்துக்கு அறிவியல் நோக்கில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பூமியில் காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்தால் கிடைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அக்கோடு இந்தியாவின் தென்முனைப் பகுதி வழியாகச் செல்கிறது. திருவனந்தபுரம் அதற்கு மிக அருகில் உள்ளது. ஐரோப்பாவில் எத்தனை ஆய்வகங்கள் இருந்தாலும் இந்த வாய்ப்பு அவற்றுக்குக் கிடைக்காது.

கால்டிகாட் 1849 இல் காலமானார். அடுத்த இயக்குநராக நியமிக்கப்பட்ட புரூன் 1852 ஜனவரியில் திருவனந்தபுரம் வந்து பொறுப்பேற்றார். அப்போது உத்திரம் திருநாள் மன்னராக இருந்தார். மேக்கர்ஸ்டனில் பிரிஸ்பேன் போல இங்கே மன்னரே புரவலர். புரூன் காந்த, வானிலை அளவீடுகளை ஒழுங்குபடுத்தி, உள்ளூர் உதவியாளர்களுக்குப் பயிற்சி அளித்தார். மணிக்கு ஒருமுறை அளப்பதென்றால் ஒரு கருவிக்கு ஒரு நாளில் 24 குறிப்புகள்; ஓராண்டில் 8,760. நள்ளிரவிலும் மழையிலும் யாரேனும் ஒருவர் விளக்கோடு கருவியருகே சென்றாக வேண்டும். ஒரு மணி தவறினால் அந்த இடம் என்றென்றும் வெற்றிடமாகவே இருக்கும்.

பொதிகை உச்சியில்

கடல் மட்டத்தை ஒட்டிய திருவனந்தபுரத்தில் கிடைக்கும் அளவு, உயரே சென்றால் மாறுமா? இதை அறியப் புரூன் தேர்ந்தெடுத்த இடம் அகத்திய மலை. திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய கேரள தமிழக எல்லையில் உள்ளது. இதன் உயரம் 1,868 மீட்டர். குறுகிய தொலைவில் இவ்வளவு உயர வேறுபாடு உள்ள இரண்டு இடங்கள் கிடைத்தது ஆராய்ச்சிக்குப் பெரும் வசதி.

தமிழ் மரபில் இது அகத்தியர் வாழும் மலை. பொருநையாகிய தாமிரபரணியின் தாய்வீடு. மலையடிவாரக் காடுகளில் காணிக்காரர்கள் வாழ்கின்றனர். யானை, புலி, காட்டெருமை நடமாடும் அடர்ந்த காட்டைக் கடந்த பிறகு புல்வெளியும் ஈற்றைக் காடும் வரும். கடைசிப் பகுதி வழுக்கும் பாறை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இம்மலையை நனைக்கின்றன. பல மாதங்கள் உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும். பலத்த காற்றும் வீசும்.

அங்கே கட்டடம் கட்டுவது எளிதன்று. வண்டிப் பாதை இல்லாத மலைக்கு மரமும் கருவிகளும் உணவும் ஆட்களின் தலைச்சுமையாகவே செல்ல வேண்டும். காந்த ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கருவிக்கு அருகில் இரும்பு இருக்கக் கூடாது. ஓர் இரும்பு ஆணிகூட ஊசியைத் தன்பக்கம் இழுத்துவிடும். பாதரசம் நிரம்பிய பாரமானியின் கண்ணாடிக் குழாய் வழியில் உடைந்தால் அத்தனை உழைப்பும் வீண். 1855 இல் இந்தக் கூடம் அமைந்தது.

சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உச்சியில் தங்குவது உண்மையிலேயே துன்பம். திருவனந்தபுரத்தை விட அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் குறைவு. ஈரம் காயாது. இயக்குநர் திருவனந்தபுரத்திலும் மலையிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. மலையில் குறிப்பெடுக்கும் பொறுப்பு பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள் கையில் இருந்தது. அவர்கள் உண்மையாக எழுதினார்களா என்பதைச் சோதிக்க இயற்கையே ஒரு வழி தந்தது. கீழே உள்ள ஊசியும் மேலே உள்ள ஊசியும் ஒரே காரணத்தால் அசைகின்றன. பார்க்காமலே எழுதிய எண் கீழே எடுத்த எண்ணோடு ஒத்துவராமல் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குறிப்புகளை நம்பியே புரூன் தம் முடிவுகளை வெளியிட்டார் என்பது அவ்வுதவியாளர்களின் நேர்மைக்குச் சான்று.

கண்டறிந்தவை

முதலாவது, காந்த நடுக்கோட்டுக்கு அருகில் ஊசியின் தினசரி அசைவு ஆண்டு முழுவதும் ஒரே திசையில் இருப்பதில்லை. சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் ஒருவிதமாகவும், தெற்கே இருக்கும் மாதங்களில் அதற்கு எதிராகவும் அமைகிறது. சம இரவு நாட்களை ஒட்டி இந்த மாற்றம் நிகழ்கிறது. இதைப் புரூன் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இரண்டாவது, பூமியின் காந்த வலிமை நாளுக்கு நாள் கூடிக் குறைவது ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பெரும்பாலும் உலகம் முழுவதும் ஒன்றாகவே நிகழ்கிறது. அதில் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஓர் ஒழுங்கும் இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அவர் இதைத் தொடர்புபடுத்தினார்.

மூன்றாவது, நிலவும் காந்த ஊசியை மிகச் சிறிதளவு அசைக்கிறது. இதைப் பிறரும் கண்டிருந்தனர். ஆனால் நிலவின் விளைவு இரவைவிடப் பகலில் அதிகம் என்பதைப் புரூன் சுட்டிக்காட்டினார். நிலவின் விளைவு சூரியன் இருக்கும்போது ஏன் கூட வேண்டும்? அன்றைய அறிவியலில் இதற்கு விடை இல்லை.

விடை 20 ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. தரைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் உள்ளது. பகலில் சூரிய ஒளி அங்குள்ள காற்றை மின்சாரம் கடத்தும் தன்மையுடையதாக மாற்றுகிறது. நிலவு கடலில் அலையேற்றத்தை உண்டாக்குவதுபோல அந்தக் காற்றிலும் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறது. மின்கடத்தும் காற்று பூமியின் காந்தப்புலத்தில் நகரும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமே கீழே உள்ள ஊசியை அசைக்கிறது. இரவில் கடத்தும் தன்மை குறைவதால் நிலவின் விளைவும் குறைகிறது. மூலகாரணம் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது, 2 கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு மலை அதன் பக்கத்தில் பெரிதாக நெருங்கிவிடவில்லை என்பதும் இப்போது புரிகிறது. ஆனால் ஏறி அளந்து பார்க்காமல் அன்று யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பிற பணிகள்

திருவனந்தபுரம் அருங்காட்சியகம் 1857 இல் திறக்கப்பட்டதில் புரூனுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் முதல் இயக்குநராகவும் அவர் இருந்தார். பின்னர் அதே இடத்தில் புதிய கட்டடம் எழுந்து 1880 இல் நேப்பியர் அருங்காட்சியகம் ஆனது. அதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோல்ம். சென்னைக் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. பொதுப் பூங்கா அமைத்தல், எடை அளவைகளைச் சீர்செய்தல் ஆகியவற்றிலும் புரூன் ஈடுபட்டார். இவ்வாண்டுகளின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற சர் டி. மாதவராவ்.

இறுதிக் காலம்

புரூன் 1865 இல் பதவி விலகி ஐரோப்பா திரும்பினார். சுவிட்சர்லாந்தின் லோசான், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரங்களில் வாழ்ந்து, 1873 இல் லண்டனில் குடியேறினார். மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்த எண்களைக் கணக்கிட்டு ஒழுங்குபடுத்துவதே அவருடைய எஞ்சிய வாழ்க்கையாயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒவ்வொரு கூட்டலையும் சராசரியையும் கையால் போட வேண்டும்.

1874 இல் லண்டனில் முதல் தொகுதி வெளிவந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம், அகத்திய மலை ஆய்வகங்களில் எடுக்கப்பட்ட காந்த ஒதுக்க அளவுகள் என்பது அதன் பொருள். நூல் குறிப்பிடும் காலம் 1852 முதல் 1869 வரை. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புரூன் நாட்டைவிட்டுச் சென்றது 1865 இல். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் அளவீடு நின்றுவிடவில்லை. அந்த எண்கள் அவர் பயிற்றுவித்த உதவியாளர்கள் தாமே நடத்திய பணியின் பயன்.

ராயல் பதக்கம் கிடைத்த மறு ஆண்டு, 1879 நவம்பர் 22 அன்று, புரூன் லண்டனில் காலமானார். கணக்கிட வேண்டிய அளவுகள் இன்னும் மிச்சம் இருந்தன.

மதிப்பீடு

புரூனின் வாழ்க்கை புரவலர் காலத்து அறிவியலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது. ஒரு செல்வந்தரும் ஓர் அரச குடும்பமும் ஆதரித்ததால்தான் அந்த அளவீடுகள் நடந்தன. அதே காரணத்தால், ஒருவரின் விருப்பம் மாறும்போது பணியும் சுருங்கும் ஆபத்து எப்போதும் இருந்தது. மலையுச்சிக் கூடம் நிலைக்கவில்லை. இன்று அகத்திய மலைக்குச் செல்பவர்கள் உச்சியில் வணங்குவது அகத்தியர் சிலையை. அங்கே ஒரு காலத்தில் இரவும் பகலும் காந்த ஊசியைக் கண்காணித்தவர்கள் இருந்தார்கள் என்பதை அறிந்தவர் சிலரே.

ஆனால் காந்த நடுக்கோட்டின் சிறப்பை இந்திய அறிவியல் மறக்கவில்லை. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில். அந்த மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் அது காந்த நடுக்கோட்டின் அருகே இருந்ததே. நடுக்கோட்டின்மேல் அயனி மண்டலத்தில் பகல் நேரத்தில் ஓடும் வலிமையான மின்னோட்டத்தை ஆராய அது ஏற்ற இடம். மலையின் மறுபுறம், திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதே துறையில் இன்றும் இயங்குகிறது.

புவிக்காந்தம் நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாக மாறுவது. இன்று எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும் 1855 ஆம் ஆண்டின் ஓர் இரவில் ஊசி எங்கே நின்றது என்பதை மீண்டும் அளக்க முடியாது. அதை அறிய அன்று விழித்திருந்து எழுதியவர்களின் ஏடுதான் ஒரே வழி. அந்த ஏட்டின் முகப்பில் ஒரு பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்களுக்குப் பலர் உரியவர்கள்.